ஒத்தாசை: பிள்ளைகளின் பாலினமும் பெற்றோரின் வேலைப் பங்கீடும்

1

மேட்டுப்பாளையம் என்றதும் பலருக்கு ஊட்டி மலைரயில் நினைவுக்கு வரும். நான் சொல்வது புதுச்சேரி மேட்டுப்பாளையம். பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரி முனையமும் இருக்கிற மேட்டுப்பாளையம். காலை எட்டு மணிக்குத் தொழிற்பேட்டைப் பக்கம் நின்றால் சிறு ஆலைகளுக்கு வேலைக்குப் போகிற பெண்களைப் பார்க்கலாம். தோளில் பை, பைக்குள் சோற்று டப்பா. அந்தச் சோற்றை வடித்தது யார் என்று நாம் கேட்பதில்லை. அவர்களே வடித்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். நமது முதல் தப்பு இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் தெருவில் இரண்டு பெண்கள். ஒரே கம்பெனிக்கு, ஒரே ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஒருவருக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். மற்றவருக்கு இரண்டும் ஆண். வீட்டையும் கவனித்துக்கொண்டு வேலைக்கும் எப்படிப் போக முடிகிறது என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன். முதலாமவர் சொன்னது: "எனக்கென்னாண்ணே, ரெண்டும் பொண்ணு. கைக்கு ஒத்தாசையா ஆயிடுச்சிங்க. பெரிசு சோத்த வடிச்சிடும், சின்னது பாத்திரத்தக் கழுவிப் போட்டுடும்." இரண்டாமவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "எனக்குத்தான் ரெண்டும் பசங்களாப் போயிடுச்சி. இன்னும் அஞ்சாறு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு ஓட்டிட்டன்னா மருமவ வந்துடுவா. அப்புறம் காலை நீட்டி உக்காந்துப்பேன்."

இந்த இரண்டு பேச்சையும் இரண்டு பிரதிகளாக வைத்துக்கொண்டு வாசிக்க முயல்வதுதான் இக்கட்டுரை. முதலில் கண்ணில் படுவது, இரண்டிலும் புருஷன் இல்லை. இரண்டு வீட்டிலும் ஆள் இருக்கிறார், நல்ல மனுஷர்தான். குடிப்பவரோ அடிப்பவரோ இல்லை. ஆனால் வீட்டுவேலையைப் பற்றிய வாக்கியத்துக்குள் அவர் எழுவாயாகக்கூட வரவில்லை. வேலை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்ற கணக்கு தாய், மகள், மருமகள் என்கிற மூன்று பெயர்களுக்குள்ளேயே சுற்றி முடிந்துவிடுகிறது.

2

பிறக்கிற பிள்ளை ஆணா பெண்ணா என்பது பெற்றோரின் உழைப்பை மாற்றுகிறதா? மேற்கே இந்தக் கேள்வி பொருளாதாரப் புலத்துக்குள் வந்து ரொம்ப நாளாகிறது. ஷெல்லி லண்ட்பெர்க், எலைனா ரோஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஆண்கள் தகப்பனானதும் அவர்களது வேலை நேரமும் கூலியும் கூடுவதையும், அந்தக் கூடுதல் மகள் பிறந்தால் இருப்பதைவிட மகன் பிறந்தால் அதிகமாக இருப்பதையும் காட்டினார்கள். கார்டன் டால், என்ரிக்கோ மொரெட்டி 2008இல் இன்னொன்றைச் சொன்னார்கள்: முதல் பிள்ளை பெண்ணாக இருக்கிற வீடுகளில் மணமுறிவு சற்றே அதிகம். அதே 2008இல் எபோன்யா வாஷிங்டன், மகள்களைப் பெற்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள், முக்கியமாகக் கருத்தரிப்பு உரிமை சார்ந்த விஷயங்களில், தாராளவாதத்தின் பக்கம் கூடுதலாக வாக்களிக்கிறார்கள் என்று காட்டினார். 'மகள் விளைவு' என்று ஒரு கருத்தாக்கமே இதையொட்டிப் புழக்கத்துக்கு வந்தது. மகளைப் பெற்றவன் மாறுகிறான் என்பதுதான் அதன் சாரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம்முடைய சினிமாவும் இதைத்தானே சொல்கிறது? 'அபியும் நானும்' (2008), 'தங்க மீன்கள்' (2013) என்று மகளுக்காக உருகும் அப்பாக்களின் வரிசை நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்த உருக்கம் கழுவுத்தொட்டிப் பக்கம் வந்து நிற்பது எந்தக் கதைக்கும் மையமாக அமைந்ததில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் தன் மகளுக்காக வாக்கை மாற்றிப் போடுகிறார். வீட்டில் தட்டை யார் கழுவினார் என்று அந்த ஆய்வு கேட்கவில்லை. அன்பு வேறு, வேலை வேறு. அன்பு பெருகினால் வேலை தானாகப் பங்காகிவிடும் என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே.

மேற்படி ஆய்வுகளைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவை அந்தச் சமூகத்தின் குடும்பத்தை வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே பிள்ளை என்பது பெற்றோர் வாழ்க்கையில் நிகழ்கிற ஒரு சம்பவம். அந்தச் சம்பவத்துக்கு அப்பா எப்படி எதிர்வினை செய்கிறார், அம்மா எப்படிச் செய்கிறார் என்று அளக்கிறார்கள். நம்முடைய வீடுகளில் பிள்ளை சம்பவம் மட்டுமல்ல. அதிலும் பெண் பிள்ளை ஏழெட்டு வயதிலேயே ஒரு தொழிலாளி. ஆக, 'பிள்ளையின் பாலினம் பெற்றோரின் பங்கீட்டை எப்படி மாற்றுகிறது' என்ற கேள்வியை அப்படியே இங்கே இறக்குமதி செய்தால், அளவுகோலே உடைந்துபோகிறது. பெற்றோர் இருவர்தாம் பங்காளிகள் என்று அந்தக் கேள்வி முன்கூட்டியே முடிவு செய்துகொண்டிருக்கிறது. இங்கே மூன்றாவது பங்காளி ஒருத்தி உண்டு. அவளுக்குப் பங்கு மட்டும் உண்டு, கணக்கில் பெயர் இல்லை.

3

கணக்கு என்றதும் நம்மிடமும் கணக்கு இருக்கிறது. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு முதன்முதலில் 1998–99இல் தமிழ்நாடு உட்பட 6 மாநிலங்களில் நடந்தது. நாடு முழுமைக்குமாக 2019இலும், மறுபடி 2024இலும் எடுத்தார்கள். 6 வயதும் அதற்கு மேற்பட்டவர்களும் இதில் அடக்கம். கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்ட சராசரி நேரம் 2019இல் 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஈடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால் இன்னும் மோசம்: 2019இல் பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு.

ஐந்து வருஷத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. சந்தோஷம். ஆனால் அந்தப் பத்து நிமிடம் ஆணிடம் போய்ச் சேரவில்லை; அவருக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. மிக்ஸியும் கிரைண்டரும் காஸ் அடுப்பும் எடுத்துக்கொண்டது கொஞ்சம் இருக்கலாம். நான் கவனப்படுத்த விரும்புவது வேறொன்று. இந்தச் சராசரியில் தாயும் மகளும் 'பெண்' என்ற ஒரே பத்தியில் அடைபடுகிறார்கள். முந்நூறு நிமிடம் உழைக்கிற ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். மகளுக்குப் பத்து வயதானதும் அறுபது நிமிட வேலையை அவள் கைக்கு மாற்றுகிறாள். இப்போது தாய்க்கு 240, மகளுக்கு 60. வீட்டிலுள்ள மொத்தப் பெண் உழைப்பு அதே முந்நூறுதான். ஆனால் ஈடுபட்ட பெண்களின் சராசரி 150 ஆகிவிடுகிறது! எந்த ஆணும் ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாமல், தாளில் பெண்ணின் சுமை பாதியாகிவிட்டது. 2019க்கும் 2024க்கும் இடையே குறைந்த பத்து நிமிடம் இப்படித்தான் குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சராசரி என்பது வீட்டுக்குள் நடக்கிற கைமாற்றத்தை மறைக்க வல்லது என்கிறேன். அந்தப் பத்தியை வயதுவாரியாகப் பிரித்து, ஒரே வீட்டிலுள்ள தாய், மகள், மகன், தந்தை நால்வரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் 'பங்கீடு' என்ற சொல்லுக்கே அர்த்தம் வரும்.

இது ஒருபுறமிருக்க, கூலி வேலைப் பக்கம் பாருங்கள். மேற்கே மகன் பிறந்தால் தகப்பன் கூடுதலாக உழைக்கிறான் என்றார்கள். இங்கே மகள் பிறந்தால் வீடே கூடுதலாக உழைக்கிறது. முதல் மாதச் சீட்டு மகள் பெயரில் தொடங்குகிறது. அப்பா ஓவர்டைம் பார்க்கிறார், அம்மா கம்பெனிக்குப் போகிறாள். "ரெண்டு பொண்ண வச்சிக்கிட்டு ஒரு சம்பளத்துல முடியுமா" என்பது ஒரு பொருளாதாரக் கோட்பாடு. மகளின் கழுத்தில் ஏறவேண்டிய பவுன்தான் தாயை வேலைக்கு அனுப்புகிறது. தாய் வேலைக்குப் போவதால் மகளை அடுப்படிக்கு அனுப்ப வேண்டியதாகிறது. மகள் தன்னுடைய கல்யாணத்துக்கான சேமிப்பைத் தன்னுடைய பள்ளிக்கூட நேரத்திலிருந்து ஈடுசெய்கிறாள் என்றால் மிகையாகத் தோன்றலாம். இதையே வெளிப்படையாக ஒப்பந்தம் போட்டுச் செய்ததுதான் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்'. பதின்வயதுப் பெண்கள் சுமார் மூன்று வருஷம் ஆலை விடுதியில் தங்கி உழைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை வாங்கிப்போவது. ஆலை செய்ததைப் பார்த்து அதிர்ச்சியடைந்த நாம், வீடு செய்வதை ஒத்தாசை என்கிறோம்.

மகனுக்காகக் காத்திருப்பதும் உழைப்புதான். மத்திய அரசின் 2017–18 பொருளாதார ஆய்வறிக்கை, மகன் கிடைக்கும்வரை பெற்றுக்கொண்டே போகிற பழக்கத்தால் 'வேண்டாமல் பிறந்த' பெண்கள், 25 வயதுவரையில் இருப்போரை மட்டும் எண்ணினால், 2 கோடியே 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சீமா ஜெயச்சந்திரனும் இல்யானா குஸியெம்கோவும் 2011இல் காட்டியது இதைவிட நெருக்கமானது: இந்தியத் தாய்மார்கள் மகளுக்குத் தாய்ப்பால் கொடுப்பதை மகனைவிடச் சீக்கிரம் நிறுத்துகிறார்கள். காரணம் பெரும்பாலும் வெறுப்பல்ல. அடுத்ததாவது மகனாகப் பிறக்க உடம்பைத் தயார்செய்ய வேண்டியிருக்கிறது. பெற்றோரின் வேலைப் பங்கீடு என்று பேசும்போது இந்த வேலையை எந்தப் பத்தியில் எழுதுவது?

4

இந்த இடத்தில் நம்மூர்ப் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பாரதிதாசனின் 'குடும்ப விளக்கு'. 1942இல் முதல் பகுதி, 1950க்குள் ஐந்து பகுதிகள். முதல் பகுதி ஒரு குடும்பத் தலைவியின் ஒருநாள். விடியலில் எழுவதிலிருந்து இரவு வரை தங்கம் செய்கிற வேலைகள் வரிசையாக வருகின்றன: கோலம், சமையல், பிள்ளைகளின் குளியல், படிப்பு, தையல், மாமன் மாமி உபசாரம். கணவன் மணவழகன் கடைக்குப் போகிறவன். நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே, புதுச்சேரியில் ஒருவர் ஒரு பெண்ணின் வேலைநாளைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிவைத்திருக்கிறார். வீட்டுவேலையைக் காவியப் பொருளாக்கிய துணிச்சல் அது. சும்மா சொல்லக்கூடாது, அடுப்படியைக் கவிதைக்குள் அந்த அளவுக்கு அனுமதித்தவர்கள் அதிகமில்லை.

அதோடு அவர் நிற்கவுமில்லை. இரண்டாம் பகுதியில், சமையலும் வீட்டுவேலையும் பெண்களுக்கு மட்டுமே உரியவை என்பது சரியல்ல, ஆண்கள் தங்களுக்கும் உரியதாக அதைக் கருதும் நாள் வரவேண்டும் என்ற கருத்தை வெளிப்படையாக வைக்கிறார். சுயமரியாதை இயக்கத்தின் குரல் அது. மேடைதோறும் இந்த இடத்தைத்தான் எடுத்துச் சொல்கிறோம். ஆனால் பிரதியின் கதையமைப்பு என்ன செய்கிறது? மூன்றாம் பகுதியில் திருமணம். மூத்த மகன் வேடப்பனுக்கு நகைமுத்து மனைவியாகிறாள். நான்காம் பகுதியில் மக்கட்பேறு. ஐந்தாம் பகுதியில் தங்கமும் மணவழகரும் முதியவர்கள். ஓய்வும் காதலும் வாய்த்தவர்கள். தங்கத்துக்கு அந்த ஓய்வு எப்படி வாய்த்தது? ஆண்கள் சமையலைத் தமதாகக் கருதிய நாள் வந்ததாலா? அல்ல. அடுத்த தலைமுறையின் பெண் வந்துவிட்டதால்.

கருத்துத் தளத்தில் ஆண் அடுப்படிக்கு அழைக்கப்படுகிறான். கதைத் தளத்தில் மருமகள் வந்துவிடுவதால் அவன் வராமலே காரியம் நடந்துவிடுகிறது. பாரதிதாசனின் குற்றமாக நான் இதைச் சொல்லவில்லை. 'அஞ்சாறு வருசத்துல மருமவ வந்துடுவா' என்று எங்கள் தெருப் பெண் சொன்னாரே, அந்த இலக்கணம் எவ்வளவு பலமானது என்றால் ஒரு புரட்சிக் கவிஞரின் காவிய அமைப்பையே அது வளைத்துவிடுகிறது. மகள் என்பவள் இன்று கையிலிருக்கும் உழைப்பு. மகன் என்பவன் நாளை வரவிருக்கும் உழைப்புக்கான பத்திரம். மகனைப் பெற்ற தாய் இன்று தனியாகச் சுமக்கிறாள், வட்டியோடு பின்னால் வாங்கிக்கொள்ள. மகளைப் பெற்ற தாய் இன்று இறக்கிவைக்கிறாள், பின்னால் இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிட. இரண்டு கணக்கிலும் ஆணின் இருப்பு பூஜ்யம். மாமியார்–மருமகள் சண்டை என்று நாம் சிரித்துக் கடக்கிற விஷயத்தின் அடியில் இருப்பது இந்தப் பத்திரத்தின் வசூல் தகராறுதான்.

5

அரசு இதில் எந்தப் பக்கம்? 1992இல் தமிழ்நாட்டில் வந்த பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம், ஆண் பிள்ளை இல்லாத, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்துகொண்ட குடும்பத்துக்கு வைப்புத்தொகை தந்தது. பெண் சிசுக்கொலை பேசப்பட்ட காலம். நோக்கத்தைக் கொச்சைப்படுத்த முடியாது. ஆனாலும் அதன் சொல்லாடலில், மகன் இல்லாத வீடு நஷ்டஈடு பெறத் தகுதியான வீடு. புதுச்சேரியிலும் 2023இல், பிறக்கும் பெண் குழந்தை பெயரில் 50,000 ரூபாயை 18 வருஷத்துக்கு வைப்பாகப் போடும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பதினெட்டில் முதிர்கிற பணம் எதற்குப் போகும் என்று எந்தத் தாயையும் கேட்டுப் பாருங்கள். படிப்புக்கு என்பார், குரல் இறங்கி நகைக்கு என்பார்.

அதே 2023 ஏப்ரலில் இன்னொரு அறிவிப்பு. புதுச்சேரி அரசுப் பெண் ஊழியர்கள் மாதத்தில் மூன்று வெள்ளிக்கிழமைகள் காலை 9 முதல் 11 மணி வரை இரண்டு மணி நேரம் வேலைக்குத் தாமதமாக வரலாம். அப்போது துணைநிலை ஆளுநர் பொறுப்பில் இருந்தவர் தமிழிசை சௌந்தரராஜன். அவரும் ஒரு பெண். வெள்ளிக்கிழமை என்றால் வீட்டில் கழுவித் துடைத்துப் பூஜை செய்ய வேண்டியிருக்கிறதே என்பது காரணம். சலுகை என்றார்கள் சிலர், பிற்போக்கு என்றார்கள் சிலர். எனக்கு இது வேறுவிதமாகப் படுகிறது. வீட்டுவேலைக்கு நேரம் ஆகிறது, அந்த நேரம் ஆலை, ஆபீஸ் நேரத்தோடு மோதுகிறது என்று ஓர் அரசு முதன்முறையாக மணிக்கணக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஒப்புக்கொண்ட கையோடு அந்த இரண்டு மணி நேரத்தைப் பெண் என்று எழுதி முத்திரையும் குத்திவிட்டது. அதே ஆணையில் 'ஊழியர்' என்று மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பால் வேறுபாடற்ற சொல். அது விடுபட்டதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது எட்டு மணி நேர வேலைக்காக ரத்தம் சிந்திய ஊர். 1936 ஜூலை 30இல் பிரெஞ்சு இந்தியப் போலீசின் துப்பாக்கிக்கு 12 பஞ்சாலைத் தொழிலாளர்கள் பலியானார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. வ. சுப்பையாவின் பெயரோடு அந்த வரலாற்றை நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்த எட்டு மணி நேரம் ஆலை வாசலில் தொடங்கி ஆலை வாசலில் முடிந்தது. வாசலுக்கு வெளியே நடந்த வேலைக்கு யாரும் சங்கு ஊதவில்லை. பிறகு ஆலைகளே மூடின, ஏ.எஃப்.டி. 2020இல் இழுத்து மூடப்பட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மில் வேலை போய் அப்பா வீட்டோடு ஆகிவிட்டார். அம்மா கம்பெனிக்குப் போகத் தொடங்கினாள். சமையல், படித்துக்கொண்டிருந்த மகளிடம் வந்தது. வேலை இல்லாத ஒரே ஆளிடம் மட்டும் வேலை போகவில்லை. "அப்பா கஷ்டத்துல கீறாரு, அவுரப் போயி எப்படிச் சொல்றது" என்றாள் அந்தப் பெண். கிறிஸ்தீன் டெல்ஃபி 1970இல் குடும்பத்தைத் தனியொரு உற்பத்தி முறை என்று வரையறுத்தபோது பிரெஞ்சு இடதுசாரிகள் பலருக்கு அது உவப்பாக இல்லை. இந்த வீட்டை வேறு எந்தக் கோட்பாட்டால் விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

6

ஆண்களும்தான் செய்கிறார்கள் என்று ஒரு குரல் எழும். உண்மைதான். ரேஷன் கடை, காஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், கரண்ட் பில். மகன்களும் செய்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் வாசற்படிக்கு வெளியே நடப்பவை, எப்போதாவது வருபவை, தள்ளிப்போடக் கூடியவை. உலை தள்ளிப்போடக் கூடியதல்ல. கல்யாணப் பந்தியில் நூறு படி அரிசி வடிப்பவர்கள் ஆண்கள்தாம். ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவர்களும் ஆண்கள்தாம். எனவே ஆணுக்குச் சமைக்கத் தெரியாது, கை வராது என்பதெல்லாம் பொய். கூலி இருந்தால் கை வருகிறது.

ஆக, மகள் பிறந்தால் அப்பா மாறுவாரா என்பது இங்கே கேட்கவேண்டிய கேள்வியே அல்ல. மகள் பிறந்தால் அப்பா மாறவேண்டிய அவசியமே ஒத்திவைக்கப்படுகிறது என்பதுதான் நிலைமை. மகன் பிறந்தாலும் அதே ஒத்திவைப்பு, வேறு தவணையில். பிள்ளையின் பாலினம் தீர்மானிப்பது அம்மாவுக்கு ஒத்தாசை எந்த வயதில், எந்தப் பெண்ணிடமிருந்து வரும் என்பதை மட்டுமே. ஒத்தாசை என்கிற சொல்லையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். அடுத்தவர் வேலையில் கைகொடுப்பதற்குத்தான் ஒத்தாசை என்று பெயர். மகள் செய்தால் அம்மாவுக்கு ஒத்தாசை, அப்பா எப்போதாவது செய்தாலும் அம்மாவுக்கு ஒத்தாசை. சொல்லைச் சொல்லும்போதே வேலை யாருடையது என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

இதை எழுதுகிறவனுக்கும் ஒரு மகள். இருபது வருஷமாகப் பெண் விடுதலை பற்றிய கூட்டங்கள் என் வீட்டுத் திண்ணையிலும் நடந்திருக்கின்றன. டெல்ஃபியும் பெரியாரும் அங்கே பேசப்பட்டார்கள். ஐந்தாறு பேருக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தது முதலில் என் மனைவி. மகளுக்குப் பத்து வயதான பிறகு மகள். மனைவியின் சுமை குறைந்துவிட்டது என்று அப்போது நான் நிம்மதியடைந்தது நினைவிருக்கிறது. தோழர்களும் "பாப்பா டீ பிரமாதம்" என்றார்கள். பாப்பாவுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை இருந்ததை அவள் வளர்ந்த பிறகு, கோபமில்லாமல், ஒரு தகவலாகத்தான் என்னிடம் சொன்னாள். அந்தக் கூட்டத்தில் நாங்கள் என்ன முடிவெடுத்தோம் என்பது எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு எத்தனை டம்ளர் என்பது ஞாபகமிருக்கிறது.